"சார், புரோகிராம் வேலை செய்யல!"

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நமது டிரஸ்ட் மாடியில் நடக்கும் கணினி வகுப்பில் பாடம் எடுக்கத் தொடங்கி நான்கு வருடங்கள் ஆகின்றன. வார நாட்களில் எனக்குப் பிழைப்பே புரோகிராம் எழுதுவதுதான். இந்த நான்கு வருடங்களில் என் வாட்ஸ்அப்புக்கு அதிகம் வந்த செய்தி எது என்று கேட்டால், ஸலாமுக்கு அடுத்தபடி இதுதான்: "சார், புரோகிராம் வேலை செய்யல." கீழே ஒரு போட்டோ இருக்கும். திரையைக் கோணலாக எடுத்த போட்டோ. மேலே சுற்றும் மின்விசிறி அதில் தெரியும். எடுத்தவரின் கட்டைவிரல் ஓரத்தில் தெரியும். பிழைச் செய்தி வந்திருக்க வேண்டிய இடம் மட்டும் போட்டோவுக்கு வெளியே போயிருக்கும். டாக்டரிடம் போய் "உடம்புக்கு முடியல" என்று சொல்லிவிட்டு, நாக்கை நீட்டச் சொன்னால் செருப்பைக் காட்டுவது போன்றது இது.

இந்த இதழுக்கு ஏதாவது எழுதச் சொன்னபோது, புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகள் செய்யும் தவறுகளையே எழுதலாம் என்று தோன்றியது. சிரிப்பதற்கும் விஷயம் உண்டு. அதோடு, இவற்றில் பாதிக்கு மேல் நானே செய்தவை. அதில் ஒன்று நமது டிரஸ்டின் உதவித்தொகைப் பட்டியலிலேயே நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது

புதியவர்களிடம் உள்ள முதல் எண்ணம், கம்ப்யூட்டர் புத்திசாலி என்பது. "நான் என்ன சொல்ல வர்றேன்னு அதுக்குத் தெரியாதா சார்?" என்று ஒரு தம்பி உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டான். தெரியாது. இந்த எண்ணம் இன்று வந்ததும் அல்ல. கணக்கிடும் இயந்திரத்துக்குத் திட்டம் போட்ட இங்கிலாந்துக்காரர் சார்லஸ் பாபேஜ், 1864-இல் எழுதிய தன் வாழ்க்கை நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். தப்பான எண்களை உள்ளே போட்டால் இயந்திரம் சரியான விடையைத் தந்துவிடுமா என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் இரண்டு தடவை அவரிடம் கேட்டார்களாம். இப்படிக் கேட்பவரின் தலைக்குள் எப்படிப்பட்ட குழப்பம் இருக்கும் என்று தனக்கு விளங்கவே இல்லை என்கிறார் அவர். மின்சாரக் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே புரோகிராமரின் எரிச்சல் பிறந்துவிட்டது!

கல்லூரிகளில் சொல்லித் தரும் மொழிகளில் ஒன்று சி. அதில் ஒற்றைச் சமக்குறி (=) போட்டால் "இந்த மதிப்பை இதில் வை" என்று கட்டளை. இரட்டைச் சமக்குறி (==) போட்டால் "இரண்டும் சமமா?" என்று கேள்வி. ஒரு மாணவர் 42 பேருடைய மதிப்பெண்களில், சரியாக 35 வாங்கி மயிரிழையில் தப்பியவர்களை மட்டும் தனியே எடுக்க ஒரு புரோகிராம் எழுதினார். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் குறியைப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் ஒவ்வொருவரிடமும் போய், கேள்வி கேட்காமல், கையில் 35-ஐக் கொடுத்துவிட்டு வந்தது. 98 வாங்கிய பிள்ளைக்கும் 35, பரீட்சைக்கே வராதவனுக்கும் 35. பட்டியலில் 42 பேரும் வந்தார்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் அந்தப் புரோகிராமை அப்படியே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. எச்சரிக்கை தரும்படி அமைத்து வைத்திருந்தால் கம்பைலர் ஒரு வரி முணுமுணுத்திருக்கும். புதியவர்கள் எச்சரிக்கையை, பஸ்ஸில் "புகை பிடிக்காதீர்" என்று எழுதியிருப்பதைப் போலத்தான் பார்க்கிறார்கள். பைத்தான் மொழியில் இந்த இடத்தில் ஒற்றைக் குறி போட்டால் அது ஓடவே மறுத்துவிடும். எங்கள் வகுப்பைப் பைத்தானுக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணா, எழுத்தா?

பைத்தானுக்கு மாறினால் வேறு தொல்லை. முதல் வாரமே எல்லோரும் கூட்டல் புரோகிராம் எழுதுவார்கள். இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்ல வேண்டும். 5-ம் 5-ம் கொடுத்தால் விடை 55 என்று வரும். வகுப்பே சிரிக்கும். கீபோர்டிலிருந்து வருவது எதுவானாலும் பைத்தான் அதை எழுத்தாகவே வாங்கி வைக்கும். எழுத்துகளைக் கூட்டு என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும். எண்ணாக மாற்று என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வேன். 12-ஆம் நம்பர் வீட்டையும் 14-ஆம் நம்பர் வீட்டையும் கூட்டினால் 26-ஆம் நம்பர் வீடு வருமா? வராது. கதவு எண் பார்க்கத்தான் எண். உண்மையில் அது ஒரு பெயர். கூட்டவோ கழிக்கவோ அர்த்தமில்லாத எதுவும் எண் அல்ல, எழுத்துதான்.

போன கோடை வகுப்பின் முடிவில் தேர்வு வைத்தோம். ரேங்க் பட்டியல் போடும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தேன். மதிப்பெண்களை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திவிட்டார்கள். எழுத்தாக இருந்தால் அகராதியில் வார்த்தைகளை அடுக்குவது போல முதல் எழுத்தைப் பார்த்துத்தான் அது அடுக்கும். 98, 95, 91, அதற்கடுத்து 9, பிறகு 88 என்று வந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய தங்கச்சி கடைசி இடம், ஏனென்றால் 100 என்பது 1-இல் தொடங்குகிறது. 9 மதிப்பெண் வாங்கிய தம்பிக்கு நான்காம் ரேங்க். அவன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, பரிசளிப்புக்குச் சட்டையும் தேய்த்து வைத்துவிட்டானாம். மறுநாள் பட்டியலைத் திருத்தியபோது, "நேத்து கம்ப்யூட்டரே சொல்லுச்சே சார்" என்றான். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை நமக்குச் சாதகமாக இருக்கும்போது இன்னும் கொஞ்சம் பலமாக இருக்கும்.

இப்போது என் கதை.

மூன்று வருடங்களுக்கு முன், கல்விக் கட்டண உதவித்தொகை பெறும் மாணவ மாணவிகளின் பெயர், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். இரவு உட்கார்ந்து ஒரே மூச்சில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஒன்பது பேருடைய பணம் திரும்பி வந்துவிட்டது. கணக்கு எண் தவறு. பிள்ளைகளின் வீட்டார் கொடுத்த பாஸ்புக் நகல்களை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் முகத்தில் அறைந்தது போல இருந்தது. சில வங்கிகளின் கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கும். எக்செல் அதை எண் என்று நினைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டது. இன்னும் இரண்டு மூன்று கணக்குகள் 16 இலக்கம் கொண்டவை. எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16-ஆவது இலக்கம் எதுவாக இருந்தாலும் அதைப் பூஜ்யமாக்கிவிடும். கேட்காது, சொல்லாது.

வாரம் தவறாமல் பிள்ளைகளுக்குக் கதவு எண் பாடம் நடத்துகிற நான் செய்த வேலை இது. அந்த ஒன்பது பேரில் ஒரு மாணவிக்கு அன்றைக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள். அவருடைய உம்மா கல்லூரி அலுவலகத்து வராந்தாவில் நின்றுகொண்டு போன் செய்தார். "பணம் இன்னும் ஏறலையே தம்பி" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நமது நிர்வாகிகளில் ஒருவர் கையிலிருந்து பணம் கொடுத்து அன்று மாலைக்குள் கட்டிவிட்டார்கள். திரும்பி வந்ததே நல்லதாகப் போயிற்று. இதுபோன்ற பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை வைத்தே பணம் வரவு வைக்கப்படுகிறது. தவறான எண் வேறு யாருடைய கணக்காகவாவது இருந்திருந்தால் பணம் அங்கே போயிருக்கும்.

ஜமாஅத்துகளிலும் சங்கங்களிலும் இப்படிப் பட்டியல் தயாரிக்கும் சகோதரர்களுக்காகச் சொல்கிறேன். தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தியை முழுதும் தேர்ந்தெடுத்து, 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. ஆதார் எண் 12 இலக்கம்தான் என்பதால் அழியாது. ஆனால் நடுவில் புள்ளியும் கடைசியில் கூட்டல் குறியுமாகச் சுருங்கிக் காட்சியளித்துப் பயமுறுத்தும். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் மொத்தம் 11 எழுத்துகள். அதில் ஐந்தாவதாக வருவது எப்போதும் பூஜ்யம். ஆங்கில எழுத்து 'ஓ' அல்ல. பாதிப் பேர் இதில்தான் தவறுகிறார்கள்.

எக்செல்லிடம் ஏமாந்தது நான் மட்டுமல்ல என்பதில் ஒரு ஆறுதல். மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் 'மார்ச் 1', 'செப்ட் 2' என்பது போல இருந்தன. விஞ்ஞானிகள் அவற்றை ஏற்றினால் எக்செல் தேதியாக மாற்றிவிடும். பல வருடம் போராடிப் பார்த்துவிட்டு, 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதே 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா நோயாளிகளின் பட்டியலை எக்செல்லின் பழைய கோப்பு வடிவத்தில் வாங்கி வைத்தார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியது சத்தமில்லாமல் விடுபட்டுப்போனது. 15,841 நோயாளிகளின் விவரம் கணக்கில் வராமல் போய், அவர்களோடு பழகியவர்களுக்குத் தகவல் சொல்வதும் தாமதமாயிற்று.

பத்தில் ஒரு பங்கு

பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். இதைப் பார்த்ததும் புதியவர்களில் இரண்டு வகையினர் உண்டு. கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்று ஒரு சாரார். பெரிய கம்பெனிக்காரன் செய்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இன்னொரு சாரார். இவர்கள் எல்லோருக்கும் போட்டோ அனுப்புவார்கள்.

இரண்டும் இல்லை. மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதினால் 0.3333 என்று முடிவே இல்லாமல் போகும். எங்காவது நிறுத்தத்தான் வேண்டும். கம்ப்யூட்டருக்கு 0, 1 என்ற இரண்டே எண்கள். அந்த முறையில் எழுதும்போது பத்தில் ஒரு பங்கும் அப்படித்தான் முடிவில்லாமல் போகிறது. எங்கோ ஓரிடத்தில் வெட்டி நிறுத்துகிறது. வெட்டிய இடத்தில் மிகச் சிறிய பிசகு வருகிறது. அதனால்தான் பணக் கணக்கு எழுதும் புரோகிராம்களில் ரூபாயைத் தசமமாக வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைப்பார்கள். 10 பைசாவும் 20 பைசாவும் எப்போதும் 30 பைசாதான்.

இவ்வளவு சிறிய பிசகு யாரை என்ன செய்துவிடும் என்று தோன்றும். நம் ஊர்க்காரர்கள் பலர் தம்மாமிலும் அல்கோபரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு தஹ்ரான் தெரிந்த இடம். 1991 வளைகுடாப் போரின்போது அங்கே வரும் ஏவுகணைகளைத் தடுக்கப் பேட்ரியாட் என்ற அமைப்பை அமெரிக்கப் படை நிறுத்தி வைத்திருந்தது. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி, பத்தில் ஒரு விநாடியாக எண்ணிக்கொண்டே போகும். அந்தப் பத்தில் ஒரு பங்குதான் 24 இருமை இலக்கங்களோடு வெட்டப்பட்டிருந்தது. ஒரு தடவைக்கு வரும் பிசகு விநாடியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஆனால் அமைப்பை நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓட்டியதில் அது 0.34 விநாடியாகச் சேர்ந்துவிட்டது. ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்துக்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பிப்ரவரி 25-ஆம் தேதி வந்த ஏவுகணையை அமைப்பு தவறான இடத்தில் தேடியது. படை முகாமில் 28 பேர் இறந்தார்கள். திருத்திய புரோகிராம் மறுநாள்தான் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. அதன் பிறகு "0.04-ஐக் கண்டுக்காம விட்டுடலாமா சார்?" என்று யாரும் கேட்பதில்லை.

கிளறிக்கொண்டே இருக்கும் பையன்

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதற்கு லூப் என்று பெயர். இதில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வார்கள். புரோகிராம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், மின்விசிறி இரைந்து லேப்டாப் சூடாகும். "ஹேங் ஆயிடுச்சு சார்" என்பார்கள். ஹேங் ஆகவில்லை, மிகுந்த விசுவாசத்தோடு வேலை பார்க்கிறது.

நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்தில் புதிதாக வந்த பையனிடம், "கஞ்சி கெட்டியாகும் வரை கிளறிக்கொண்டே இரு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லவில்லை. பையன் சொன்ன சொல் தட்டாதவன். அரிசி தண்ணீரில் கிடக்கிறது, அவன் கிளறுகிறான். இஃப்தார் நேரம் வந்து போனாலும் கிளறுவான். எந்த நிபந்தனை வந்தால் நிற்க வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த நிபந்தனை என்றாவது வந்து சேருமா என்றும் பார்க்க வேண்டும்.

2008 டிசம்பர் 31-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட்டின் ஜூன் என்ற பாட்டுக் கேட்கும் கருவிகள், 30 ஜிபி வகையைச் சேர்ந்தவை, உலகம் முழுவதும் ஒரே நாளில் உறைந்துபோயின. அதே கஞ்சிக் கதைதான். நாள் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும் வரை வருடம் வருடமாகக் கழித்துக்கொண்டே வா என்பது கட்டளை. லீப் வருடமானால் 366-க்கு மேல் இருந்தால் மட்டும் கழி என்று உள்ளே இன்னொரு நிபந்தனை. அன்றைக்கு லீப் வருடத்தின் 366-ஆவது நாள். 365-ஐவிட அதிகம், அதனால் லூப் நிற்காது. 366-ஐவிட அதிகமில்லை, அதனால் எதையும் கழிக்காது. மருந்தாகச் சொல்லப்பட்டது, பேட்டரி தீரும் வரை விட்டுவிட்டு மறுநாள் சார்ஜ் போடுங்கள் என்பது. தேதி மாறியதும் தானே சரியாகிவிட்டது.

எண்ணிக்கையில் ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும் இதோடு கூடப் பிறந்த நோய். 100 அடி நீளக் கல்யாணப் பந்தலுக்கு 10 அடிக்கு ஒரு கால் நட்டால் ஒரு வரிசைக்கு எத்தனை கால்? பத்து என்று சட்டென்று சொல்வார்கள். பதினொன்று. பந்தல்காரர் ஒருபோதும் தப்பாகச் சொல்லமாட்டார். பைத்தானில் பட்டியலின் முதல் இடத்துக்கு எண் 0 என்பதும் புதியவர்களைப் படுத்தும். வளைகுடாவில் இருந்து வந்த ஒரு சகோதரர் உடனே பிடித்துக்கொண்டார்: "அங்கே லிஃப்ட்ல தரைத்தளத்துக்கு அப்புறம்தானே ஒண்ணு வரும்."

நம் மொழியிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. பைத்தானைக் கேட்டால் ஐந்து என்னும். யூனிகோட் முறையில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக வைத்திருப்பதால் அது ஐந்தையும் எண்ணிவிடுகிறது. அந்தச் சொல்லைத் திருப்பி எழுதச் சொன்ன மாணவிக்கு, அமர எழுத்தில்லாமல் ஒரு புள்ளி முதலில் வந்து நின்றது. ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் கிடைக்காது.

பெயர்களும் அப்படியே. புதியவர்கள் படிவம் வடிவமைத்தால் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டும் கட்டாயம் என்று வைத்துவிடுவார்கள். நம்மில் யாருக்குக் குடும்பப்பெயர் இருக்கிறது? வாப்பா பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதுகிறோம். ரேஷன் கார்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. கம்ப்யூட்டருக்கு அவர் இரண்டு ஆள். இதற்கு நேர்மாறாக, ஒரு மாணவர் நம் பயனாளிகள் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் நீக்கிவிடும்படி புரோகிராம் எழுதிக் கொண்டுவந்தார். ஒரே தெருவில் மூன்று அப்துல் ரஹ்மான் இருக்கும் ஊர் இது. ஓடவிடுவதற்கு முன் பார்த்ததால் இரண்டு குடும்பங்கள் பட்டியலில் தப்பின.

வாசிக்காமல் விடுவது

மேலே சொன்னவற்றை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உண்மையாகவே சோர்வடையச் செய்வது, பிழைச் செய்தியை வாசிக்காமல் விடுவதுதான். சிவப்பில் பத்து வரி ஆங்கிலம் வந்ததும் ஜன்னலை மூடிவிடுகிறார்கள். அதில் எந்த வரியில், என்ன தப்பு என்று எழுதியிருக்கும். பைத்தானில் கடைசி வரியை முதலில் படித்தால் போதும். 14-ஆம் வரி என்று அது சொல்லி, அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் 13-ஐயும் பார்க்க வேண்டும். தப்பு அங்கே இருக்கலாம். "இங்கிலீஷ் வராது சார்" என்பது சரியான காரணம் அல்ல. திரும்பத் திரும்ப வரும் செய்திகள் இருபதுதான் இருக்கும். ஒரு நோட்டில் எழுதித் தமிழில் அர்த்தம் போட்டு வைத்துக்கொண்ட பிளஸ் டூ மாணவி, இன்று மற்றவர்களுக்குப் பிழை பார்த்துக் கொடுக்கிறார்.

பிழைக்கு ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஹார்வர்டில் மார்க் 2 என்ற கம்ப்யூட்டர் தகராறு செய்ததில், உள்ளே ஒரு அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் பூச்சியோடு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சொல்லே அன்றுதான் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை, எடிசன் காலத்திலேயே இயந்திரக் கோளாறுக்கு அந்தப் பெயர் உண்டு. நிஜப் பூச்சி கிடைத்ததுதான் அன்றைய விசேஷம்.

இன்னொன்று, எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவது. வாட்ஸ்அப்பில் வந்த புரோகிராமை அப்படியே ஒட்டினால், நேரான மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பைத்தான் ஏற்காது. இப்போது ஏஐ எழுதிக் கொடுக்கிறது. "இந்த வரி எதுக்கு?" என்று கேட்டால், "அது போட்டுக் கொடுத்துச்சு சார்" என்கிறார்கள். பெரியவர்களும் ஒட்டித்தான் இருக்கிறார்கள். 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், பழைய ஏரியான் 4-க்கு எழுதிய ஒரு பகுதியை அப்படியே வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட் வேகமானது. 32,767 வரை மட்டுமே கொள்ளும் இடத்தில் அதைவிடப் பெரிய எண் வந்து விழுந்தது. கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ராக்கெட் வெடித்துச் சிதறியது.

பெற்றோருக்கும் இரண்டு வார்த்தை. கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைக்குப் பிரிண்டர் ரிப்பேர் தெரிய வேண்டியதில்லை, "இதுகூடத் தெரியலையா, என்னத்தைப் படிச்சே?" என்று உறவினர் முன் கேட்காதீர்கள். "வாட்ஸ்அப் மாதிரி ஒரு ஆப் ரெண்டு நாள்ல செஞ்சுடு" என்று மாமாக்கள் கேட்பதும் உண்டு. 2014-இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் 55 பேர்தான் என்பது உண்மை. அதற்குள் ஐந்து வருட உழைப்பு போயிருந்தது. இதைவிட ஆபத்தான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. 90 நாளில் புரோகிராமர், வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லும் இடங்களில் நகையை வைத்துப் பணம் கட்டாதீர்கள். கட்டும் முன் பிள்ளையை மூன்று மாதம் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களில் உட்கார வைத்துப் பாருங்கள். பிடிக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

புரோகிராமர்கள் சிலர் மேசைமேல் ரப்பர் வாத்துப் பொம்மை வைத்திருப்பார்கள். பிழை பிடிபடாவிட்டால் அந்த வாத்திடம் ஒவ்வொரு வரியாக விளக்கிச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே தப்பு தெரிந்துவிடும். 42 பேருக்கும் 35 கொடுத்த மாணவரிடம் இதைச் சொல்லி அனுப்பினேன். வீட்டில் வாத்து இல்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உம்மாவிடம் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் மார்க்கில் 35-ஐ வைக்கிறேன் என்று அவர் சொன்னதும், "நீயே வச்சுட்டா அப்புறம் எதுக்கு வாப்பா பரீட்சை?" என்று உம்மா கேட்டிருக்கிறார். அன்று இரவு பத்தரை மணிக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது. போட்டோ இல்லை. "சார், இன்னொரு = போட்டேன், சரியாயிடுச்சு."